ஊர்ச் சாலைக்கு எது பொருந்தும்: தாரா, கான்கிரீட்டா, பேவர் பிளாக்கா?

ஊராட்சிக்குச் சாலை நிதி வந்ததும் முதலில் எழும் கேள்வி, மேலே என்ன போடுவது என்பதுதான். தார் போட்டால் அதே பணத்தில் கூடுதல் நீளம் கிடைக்கும். கான்கிரீட் போட்டால் இருபது வருடம் கவலையில்லை என்பார்கள். பேவர் பிளாக் பார்க்க நன்றாக இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் எதைப் போட்டும் மூன்றே வருடத்தில் குலைந்து கிடக்கும் சாலைகளும் இருக்கின்றன; அதே பொருளில் பதினைந்து வருடம் தாண்டி நிற்பவையும் இருக்கின்றன. அடியில் என்ன மண், தண்ணீர் எங்கே போகிறது, எவ்வளவு எடை வண்டி ஓடுகிறது, இனி அந்த இடத்தை யார் தோண்டப் போகிறார்கள் என்ற நான்குக்கும் விடை தெரிந்துவிட்டால், மேல் தளம் எது என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும். பல ஊர்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் மேல் தளத்தை முடிவு செய்கிறார்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே பேசுவது 3 முதல் 3.75 மீட்டர் அகலமுள்ள ஊர் இணைப்புச் சாலைகளையும் குடியிருப்புத் தெருக்களையும் பற்றி. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு இந்தியச் சாலை காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) ஐ.ஆர்.சி. 37, ஐ.ஆர்.சி. 58 என்று தனி விதிமுறைகள் உண்டு, அங்கே கணக்கே வேறு. போக்குவரத்து குறைந்த சாலைக்குத் தார் என்றால் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 72, கான்கிரீட் என்றால் எஸ்.பி. 62, பேவர் பிளாக் என்றால் எஸ்.பி. 63. எந்த விதிமுறைப்படி, என்ன சி.பி.ஆர். மதிப்பை (அடிமண்ணின் வலுவைக் காட்டும் எண்) வைத்துக் கனம் எடுத்தீர்கள் என்று எஸ்டிமேட் போட்டவரிடம் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பக்கத்து ஊர் எஸ்டிமேட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

எடை மண்ணுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது

தார்ச் சாலையில் சக்கரத்தின் எடையைத் தாங்குவது அடியில் உள்ள ஜல்லி. ஊர்ச் சாலைகளில் போடும் 20 மி.மீ. பிரிமிக்ஸ் கார்ப்பெட்டின், அதாவது தாரும் சின்ன ஜல்லியும் கலந்து பரப்பும் மெல்லிய மேல்தளத்தின் வேலை, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் மூடுவதும் ஜல்லி கழன்று போகாமல் பிடிப்பதும்தான். எடை ஜல்லியிலிருந்து ஜல்லிக்குக் கைமாறி, கீழே போகப் போக அகன்று, மண்ணைத் தொடும்போது மண் தாங்கும் அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். மண் மோசமானால் ஜல்லி, கிராவல் அடுக்குகளின் கனம் ஏறிக்கொண்டே போகும்.

கான்கிரீட் பலகை விறைப்பானது. சக்கரம் ஏறும்போது பலகை முழுவதுமே லேசாக வளைந்து, எடையைப் பெரிய பரப்புக்குப் பகிர்ந்துவிடுகிறது. ஆகவே மண்ணின் வலு அதன் கனத்தைப் பெரிதாக மாற்றாது. சி.பி.ஆர். 2 மண்ணுக்கும் 10 மண்ணுக்கும் இடையே ஐந்து மடங்கு வித்தியாசம். கான்கிரீட் கணக்கில் எடுக்கும் தாங்குதிறன் எண்ணோ 21-லிருந்து 55-க்குத்தான் போகிறது. பலகையின் கனத்தில் வரும் மாற்றம் இன்னும் சிறியது. அதற்காகக் கான்கிரீட் எந்த மண்ணையும் பொறுத்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பலகைக்குக் கீழே ஓரிடத்தில் மண் அரித்துப் போய் வெற்றிடம் விழுந்தால், தார்ச் சாலை அங்கே பள்ளமாகி முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். கான்கிரீட் எதுவும் காட்டாமல் இருந்துவிட்டு ஒருநாள் மூலையில் உடையும்.

பேவர் பிளாக்கை வீட்டு முற்றத்துத் தரை மாதிரி நினைப்பதுதான் இந்த மூன்றிலும் நடக்கும் மிகப் பெரிய தவறு. கற்கள் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்து எடையைப் பகிர்ந்தாலும், அதன் நடத்தை தார்ச் சாலையைப் போன்றதே. அதாவது தாருக்கு வேண்டிய அதே கிராவல், ஜல்லி அடுக்குகள் இதற்கும் வேண்டும். மண்ணைச் சமன் செய்து, மேலே மணல் கொட்டி, கல் பதித்த தெருவில் முதல் மழைக்குப் பிறகே சக்கரத் தடம் இரண்டு வரியாக இறங்கியிருக்கும்.

மண்

சித்திரையில் கரிசலில் கடப்பாரை இறங்காது. ஐப்பசியில் அதே மண்ணில் டிராக்டர் அச்சு வரை இறங்கும். அதனால்தான் ஆய்வகத்தில் மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்த பிறகே சி.பி.ஆர். எடுக்கிறார்கள். சாலையிலேயே சோதிக்க டி.சி.பி. என்ற எளிய கருவி இருக்கிறது. 8 கிலோ சுத்தியல் 575 மி.மீ. உயரத்திலிருந்து விழுந்து, 60 பாகைக் கூம்பு ஒன்றை மண்ணுக்குள் இறக்கும். ஓர் அடிக்கு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்பதிலிருந்து மண்ணின் வலுவைக் கணிக்கலாம். சாலை நெடுகச் சில நூறு மீட்டர் இடைவெளியில் இதைச் செய்தால் மண் எங்கே மாறுகிறது என்பது தெரிந்துவிடும். மழை முடிந்த கையோடு செய்தால் உண்மையான எண் கிடைக்கும்.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துச் செம்மண், சரளை மண்ணில் எந்தத் தளமும் நிற்கும். அங்கே விலையும் பராமரிப்பும்தான் கேள்வி. கடலோர மணலும் பக்கவாட்டில் நழுவாமல் அடைத்து இறுக்கினால் நல்ல அடிமண்ணே, தண்ணீரும் தேங்காது. சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று காவிரி டெல்டாவின் களிமண். வாய்க்கால் கரையை ஒட்டிய சாலைகளில் நடவு முதல் அறுவடை வரை அடிமண் ஈரமாகவே கிடக்கும். இன்னொன்று கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசல்.

கரிசலின் தொல்லை பலவீனத்தோடு நிற்பதில்லை, அது ஊதிச் சுருங்கும். மழையில் சாலையின் ஓரம் முதலில் நனைந்து ஊதும். மூடப்பட்ட நடுப்பகுதி மெதுவாகத்தான் நனையும். கோடையில் ஓரம் முதலில் காய்ந்து சுருங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்குக் கான்கிரீட் பலகை வளைந்து கொடுக்காது. நீளவாக்கில் நடுவே பிளக்கும். தார்ச் சாலை அலை அலையாகும், ஆனால் ஜல்லி போட்டு மட்டம் சரிசெய்துவிடலாம். எனவே கரிசலில் முதல் செலவு மண்ணுக்கே போக வேண்டும். மேல்மண்ணில் 3 முதல் 6 சதவீதம் சுண்ணாம்பு கலந்து இறுக்கலாம், அல்லது குறைந்தது 60 செ.மீ. ஊதாத மண் நிரப்பலாம். இரண்டுக்கும் பணம் இல்லையென்றால் அங்கே கான்கிரீட்டைத் தவிர்ப்பது நல்லது. திருத்த முடிந்த சாலையே அந்த நிலைமையில் பாதுகாப்பு.

எந்த மண்ணானாலும் மேல் 30 செ.மீ. அடிமண்ணை அடுக்கடுக்காக, சரியான ஈரத்தில், ஸ்டாண்டர்டு பிராக்டர் என்ற ஆய்வகச் சோதனையில் கிடைக்கும் அடர்த்தியில் 100 சதவீதத்துக்கு இறுக்க வேண்டும். காய்ந்த மண்ணில் ரோலரை எத்தனை முறை ஓட்டினாலும் மேல்தோல்தான் இறுகும்.

தண்ணீர்

தமிழ்நாட்டில் ஊர்ச் சாலைகள் கெடுவதற்கு வண்டியைவிடத் தண்ணீரே பெரிய காரணம். சாலை நெடுக மண்ணை 30, 40 செ.மீ. வெட்டி, அந்தப் பள்ளத்தில் கிராவலும் ஜல்லியும் நிரப்பி, இரு பக்கமும் பழைய மண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இது மண்ணுக்குள் கட்டிய தொட்டி. மேலிருந்து இறங்கும் தண்ணீர் வெளியேற வழியே இல்லை. ஜல்லிக்குள் தண்ணீர் நிற்க, லாரி போகும் ஒவ்வொரு முறையும் அது அழுத்தப்பட்டு மேலே பீய்ச்சுகிறது. சேறு ஜல்லிக்குள் ஏறுகிறது. கார்ப்பெட் முதலை முதுகு போல வெடிக்கிறது.

தீர்வு புதியதல்ல. கிராவல் அடுக்கை வண்டித்தட அகலத்தோடு நிறுத்தாமல், சாலையோர மண்ணுக்கு அடியில் இரு பக்கமும் வடிகால் வரை கொண்டுபோக வேண்டும். வடிகாலின் தரை அந்த அடுக்கைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். அடிமண் மட்டம் தண்ணீர் தேங்கும் மட்டத்துக்குக் குறைந்தது 60 செ.மீ. மேலே இருக்க வேண்டும். மெல்லிய தார்த் தளத்துக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு 3 முதல் 3.5 சதவீதச் சரிவு, கான்கிரீட்டுக்கு 2 முதல் 2.5. ஓர மண்ணுக்கு இதைவிட ஒரு சதவீதமாவது கூடுதல். 3.75 மீட்டர் தார்ச் சாலையில் 3 சதவீதம் என்றால் நடுவுக்கும் ஓரத்துக்கும் 5.6 செ.மீ. வித்தியாசம். ரசமட்டத்தோடு கூடிய நேர்ப்பலகையை நடுவில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். வருடா வருடம் ஓரத்தில் புல்லும் மண்ணும் ஏறிச் சாலையைவிட உயரமாகிவிடும். அதைச் சுரண்டிவிடும் வேலைக்குப் பெரிய செலவில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை.

தண்ணீர் தாரை என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் மாநிலத்தில் கிடைக்கும் கருங்கல் ஜல்லியில் சிலிக்கா அதிகம். அந்தக் கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டுதல் கூடுதல். தார்ப்படலத்தில் சிறு இடைவெளி கிடைத்தாலும் தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து தாரை உரித்துவிடும். சோதனை எளிது. தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம் வைத்தால், 5 சதவீதத்துக்கு மேல் உரியக் கூடாது. உரிந்தால் ஒட்டும் வேதிப்பொருள் சேர்க்க வேண்டும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலை முறை பயன்படுவதும் இங்கேதான். சூடான ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லைச் சுற்றிப் படலமாகிறது, தார் அதற்கு மேல் ஒட்டுகிறது. தார் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக். ஐ.ஆர்.சி. எஸ்.பி. 98 என்று 2013-லேயே இதற்கு விதிமுறை வந்துவிட்டது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தார் என்று முடிவானால் இதைக் கேட்டு வாங்குங்கள். பி.வி.சி. மட்டும் கலக்கக் கூடாது, சூட்டில் நச்சு வாயு வரும்.

மேலே தண்ணீர் நின்றால் கான்கிரீட்டுக்குப் பெரிய தீங்கில்லை. வீட்டுக் குழாய்த் தண்ணீர் நாள் முழுக்க ஓடும் தெரு, மழையில் மூழ்கும் தாம்போதி (தரைப்பாலம்), கோயில் குளத்தங்கரை ஆகிய இடங்களில் தார் தோற்கும், கான்கிரீட் நிற்கும். பேவர் பிளாக் இங்கே மிகவும் ஏமாற்றும். தண்ணீர் கல் இடுக்கு வழியாகத்தான் இறங்குகிறது. அடியில் வடிகால் இல்லையென்றால் கல்லுக்குக் கீழே பரப்பிய படுக்கை மணல் கரைந்து ஓடிவிடும்.

வண்டி

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், ஒட்டாவா அருகே, 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ (AASHO) சாலைச் சோதனையில் தெரியவந்த உறவு இன்றும் உலகம் முழுக்கச் சாலைக் கணக்கின் அடிப்படை. அச்சின் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும். கணக்கில் எடுக்கும் நிலையான அச்சு 8.16 டன். 10.2 டன் அச்சு ஒருமுறை போனால் நிலையான அச்சு இரண்டரை முறை போனதற்குச் சமம். பைக்கும் ஆட்டோவும் காரும் எத்தனை ஓடினாலும் சாலைக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் கல்குவாரியோ எம்-சாண்ட் ஆலையோ செங்கல் சூளையோ இருக்கிறதா, கரும்பு வெட்டுக் காலத்தில் எத்தனை டிரெய்லர் போகிறது என்பதைத்தான் எண்ண வேண்டும். கணக்கெடுப்பை ஆடி மாதத்தில் முடித்துவிட்டு, அறுவடை லாரிகளை விட்டுவிடும் எஸ்டிமேட்டுகளே அதிகம்.

ஏற்றிய டிப்பர் தினமும் ஐம்பது அறுபது போகும் சாலைக்கு 20 மி.மீ. கார்ப்பெட் ஆகாது. அங்கே பேச வேண்டியது தடித்த தார் அடுக்கு, இல்லையேல் கான்கிரீட். நெல் வட்டாரத்தில் இன்னொரு எதிரி, சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புக் கேஜ் வீலைக் கழற்றாமல் சாலையேறும் டிராக்டர். தாரையும் பேவர் பிளாக் விளிம்பையும் அது ஒரே பருவத்தில் கிழித்துவிடும். வயலுக்கு இறங்கும் இடங்களில் மட்டும் கான்கிரீட் சரிவுத் தளம் போட்டுக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்த வழி.

தார்: எங்கே தவறுகிறது

100 மீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம் என்றால் 375 சதுர மீட்டர். 20 மி.மீ. பிரிமிக்ஸுக்கு 10 சதுர மீட்டருக்கு 0.27 கனமீட்டர் சின்ன ஜல்லி, 14.6 கிலோ தார். அதன்மேல் தண்ணீர் புகாமல் மூடும் பி வகை சீல் கோட்டுக்கு 6.8 கிலோ. ஆக 100 மீட்டருக்குச் சுமார் 800 கிலோ தார், ஒட்டுவதற்காக அடியில் தெளிக்கும் பிரைம், டேக் கோட்டுகள் தனி. இதில் நூறு கிலோ குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாவது மழைக்காலத்தில் ஜல்லி உதிரும்போதுதான் தெரியும். வேலை நடக்கும் நாளன்றே மாதிரி எடுத்துத் தார் அளவைச் சோதிக்க வைப்பது அதனால்தான் முக்கியம்.

வி.ஜி. 30 என்ற வகைத் தாரானால் கலவை 150 முதல் 165 டிகிரிக்குள் இருக்க வேண்டும், பரப்பும்போது 140-க்குக் குறையக் கூடாது, 90-க்கு இறங்குவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். லாரியிலிருந்து நீலப் புகை வந்தால் தார் கருகியிருக்கிறது. அந்தக் கலவை ஒட்டாது, சீக்கிரம் நொறுங்கும். வெப்பமானி ஒன்று கையில் இருந்தால் போதும், வாக்குவாதம் வேண்டியதில்லை.

இன்னொரு பழக்கம்: ஜல்லி அடுக்கை முடித்துவிட்டு, பில் பாஸாகும் வரை மாதக்கணக்கில் அப்படியே விடுவது. வண்டி ஓடி ஜல்லி கழன்று, புழுதி படிந்து, அதன்மேலேயே தார் விழுகிறது. புழுதியின் மேல் தார் ஒட்டாது. பிரஷ்ஷும் காற்றும் வைத்துச் சுத்தம் செய்து, சதுர மீட்டருக்கு 0.7 முதல் 1 கிலோ எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) பிரைம் கோட் தெளித்து, 24 மணி நேரம் காயவிட்ட பிறகே மேல் வேலை. ஈரத் தரையில் கூடவே கூடாது.

கான்கிரீட்: முதல் நாளே தீர்மானமாகிவிடும்

எஸ்.பி. 62 கேட்பது குறைந்தது 150 மி.மீ. கனம், எம்30 தரம் (எண் கூடினால் வலு கூடும்). 180 மி.மீ. கனத்துக்கு நம் 100 மீட்டருக்கு 67.5 கனமீட்டர் கான்கிரீட், சுமார் 500 மூட்டை சிமெண்ட். தெருக்களில் 100 மி.மீ. கனத்தில், எம்20 கலவையில், பழைய தார் மேலேயே ஊற்றிவிட்டு சிமெண்ட் சாலை என்று பெயர் வைப்பதைப் பார்க்கலாம். அது தண்ணீர் லாரி ஒன்று திரும்பினாலே உடையும்.

கலவைக்கு ஒரு மூட்டைக்கு 22 முதல் 25 லிட்டர் தண்ணீர், மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து. வைப்ரேட்டரும் மட்டம் இழுக்கும் ஸ்கிரீடும் வைத்து அடித்தால் ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) 3 முதல் 5 செ.மீ. போதும். வேலை சுலபமாக ஓட வேண்டும் என்று மிக்சரில் இன்னொரு குடம் ஊற்றுவதில் போகும் வலு திரும்பக் கிடைக்காது. மேல்பரப்பில் பால் மாதிரி ஏறி நிற்கும் சிமெண்ட் தண்ணீர் காய்ந்து, ஆறு மாதத்தில் தூசியாக உதிரும், ஜல்லி பல்லிளிக்கும்.

அடியில் இறுக்கிய ஜல்லி அடுக்கு, அதன்மேல் பாலிதீன் ஷீட், பிறகு கான்கிரீட். ஷீட் இல்லையென்றால் காய்ந்த ஜல்லி கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். பலகை சுருங்கும்போது வழுக்கவும் முடியாது.

இதில் அதிகம் கவனிக்க வேண்டியது ஜாயின்ட் வெட்டுவது. கான்கிரீட் காயும்போது கட்டாயம் சுருங்கும், சுருங்கினால் எங்காவது பிளக்கும். எங்கே பிளக்க வேண்டும் என்பதை நாம் சொல்வதுதான் ஜாயின்ட். 2.5 முதல் 4 மீட்டர் இடைவெளியில், 3 முதல் 5 மி.மீ. அகலத்தில், பலகை கனத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழம், அதாவது 180 மி.மீ. பலகைக்கு 45 முதல் 60 மி.மீ., மெஷின் வைத்து வெட்ட வேண்டும். நேரம் முக்கியம். ஊற்றிய 8 முதல் 12 மணி நேரத்துக்குள், பங்குனி சித்திரை வெயிலில் இன்னும் முன்னால். காலையில் ஊற்றினால் வெட்டும் நேரம் மாலையோ இரவோ. ஆட்கள் ஐந்து மணிக்குக் கிளம்பிப் போய், மறுநாள் வந்து வெட்டும்போது, பலகை தன் இஷ்டத்துக்கு ஏற்கெனவே வெடித்திருக்கும். வெட்டிய கோட்டுக்கு அரை அடி தள்ளி இன்னொரு விரிசல் ஓடும். கரண்டியால் மேலே கோடு இழுத்துவிடுவது ஜாயின்ட் ஆகாது. வெட்டிய பிறகு சீலன்ட் நிரப்புவதும் வேலையின் ஒரு பகுதி. விட்டால் தண்ணீரும் சிறு கல்லும் இறங்கும்.

பிறகு 14 நாள் கியூரிங், அதாவது ஈரம் காயாமல் வைத்திருப்பது. முதல் நாள் ஈரச் சாக்கு, அடுத்த நாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். கனரக வண்டிகளை விட 28 நாள் ஆகும். இதுதான் நடைமுறையில் கான்கிரீட்டின் பெரிய குறை. மாற்றுவழி இல்லாத ஒரே சாலையை இத்தனை நாள் மூடிவைக்க ஊரால் முடியுமா? முடியாவிட்டால் ஐந்தாம் நாளே டிராக்டர் ஏறும், அதோடு செலவு வீண். தாரில் அன்றே வண்டி விடலாம். பேவர் பிளாக்கில் இடுக்கு மணல் நிரப்பியதும் விடலாம்.

கடைசியாக ஓரம். பலகை தரையைவிட 18 செ.மீ. உயர்ந்து நிற்க, பக்கத்தில் கிராவல் போடாமல் விட்டால், எதிர்வண்டிக்கு ஒதுங்கும் பைக் கவிழும். மூலையில் சக்கரம் ஏறி இறங்கிப் பலகையும் உடையும். இரு பக்கமும் ஒரு மீட்டர் கிராவல் பலகை மட்டத்துக்கு நிரப்புவது எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேவர் பிளாக்: விளிம்பும் மணலும்

பேவர் பிளாக்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15658. அதில் 60 மி.மீ. எம்35 கல் கார் நிறுத்தும் இடம், நடைபாதை போன்ற லேசான போக்குவரத்துக்கு, 80 மி.மீ. எம்40 கல் நடுத்தரப் போக்குவரத்துள்ள தெருவுக்கு. 200-க்கு 100 மி.மீ. செவ்வகக் கல் என்றால் சதுர மீட்டருக்கு 50. நம் 100 மீட்டருக்கு 18,750 கல். கல்லை ஒரு நாள் ஊறவைத்து எடை பார்த்தால் தண்ணீர் உறிஞ்சுவது சராசரியாக 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரப்பர் அச்சில் ஊற்றிய பளபளப்பான கல் வீட்டு வாசலுக்குச் சரி, தெருவில் மழை நாளில் வழுக்கும். பிரஸ்ஸில் அழுத்திய சொரசொரப்பான கல்லே சாலைக்கு வேண்டும்.

முதலில் இரு பக்கமும் கான்கிரீட் விளிம்புக் கட்டை. அது இல்லாமல் பதித்த கற்கள் மெல்ல மெல்ல விலகும், இடுக்கு அகலும், மணல் போகும், கல் ஆடும். படுக்கை மணல் 20 முதல் 40 மி.மீ. கனத்துக்கு, எல்லா இடத்திலும் ஒரே அளவாக. அடித்தளத்தின் மேடுபள்ளத்தை மணலால் சமன் செய்தால், கூடுதல் மணல் உள்ள இடம் அப்படியே இறங்கும். மணலுக்குப் பதில் நுண்தூள் நிறைந்த கிரஷர் தூசு போடுவது மலிவு என்பதற்காகச் செய்கிறார்கள். அது தண்ணீரைப் பிடித்துவைத்துச் சேறாகி இடுக்கு வழியாக மேலே வரும். அடுக்கும் முறை, வண்டித் தெருவில் மீன்முள் வடிவம். வரிசையாக அடுக்கினால் பிரேக் அடிக்கும் இடத்தில் வரிசையே நகரும். ஓரத்தில் வெட்டிப் பொருத்தும் துண்டு முழுக்கல்லில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் நிற்காது. பிளேட் காம்பாக்டர் ஓட்டி, காய்ந்த நுண்மணலை இடுக்கில் கூட்டித் தள்ளி, மறுபடி ஓட்ட வேண்டும். இன்னும் பதித்து முடியாத முனைக்கு ஒரு மீட்டர் உள்ளேயே காம்பாக்டரை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வேகமாக வண்டி போகும் இணைப்புச் சாலைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் பேவர் பிளாக் வேண்டாம். அதன் இடம் மெதுவாகப் போகும் தெரு, சந்தை, சந்து.

தோண்டலும் உயரமும்

பாதாளச் சாக்கடையோ குடிநீர்க் குழாயோ இன்னும் வராத தெருவில் கான்கிரீட் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். உடைத்துக் குழாய் புதைத்து, மேலே ஒரு சட்டி கலவையைப் பூசிவிட்டுப் போவார்கள்; அந்த வரி முதல் மழையில் இறங்கும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் மெஷினால் வெட்டி, ஜாயின்ட்டிலிருந்து ஜாயின்ட் வரை முழுப் பலகையையும் எடுத்துப் புதிதாக ஊற்ற வேண்டும். கான்கிரீட் போடும் முன்பே இரண்டு வீட்டுக்கு ஒன்று வீதம் 110 மி.மீ. குறுக்குக் குழாய் புதைத்து, முனையை அடைத்து, சுவரில் குறி போட்டு வைத்தால் பிறகு உடைக்கும் தேவையே பெரும்பாலும் வராது. பேவர் பிளாக்கின் உண்மையான பலம் இங்கே: கல்லை எடுத்து, வேலை முடித்து, அதே கல்லைப் பதிக்கலாம். குழியை 15 செ.மீ. அடுக்காக நிரப்பி இடித்திருந்தால் மட்டும்.

தெருவில் உயரமும் பார்க்க வேண்டும். அடுக்கின் மேல் அடுக்காகத் தார் போட்டு வீட்டு வாசல் பள்ளமானதால்தான், பழைய தளத்தைச் சுரண்டிய பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசுத் தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். தாரை மில்லிங் செய்வது, அதாவது மெஷினால் சுரண்டி எடுப்பது எளிது. கான்கிரீட்டுக்கு அந்த வசதி இல்லை. முதல் தடவையே 25, 30 செ.மீ. தோண்டி மட்டத்தைச் சரியாக வைக்க வேண்டும்.

பணம்

விலைப்பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு மாதிரிக் கணக்கு மட்டும். தார்ச் சாலைக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கான்கிரீட்டுக்கு 160. தாருக்கு 5, 10, 15-ஆம் வருடங்களில் 30 ரூபாய் வீதம் புதுப்பிப்பு, வருடத்துக்கு 2 ரூபாய் குழி அடைப்பு. இருபது வருடத்தில் கூட்டினால் தார் 230. கான்கிரீட்டுக்கு ஜாயின்ட் பராமரிப்பு 15 சேர்த்து 175. கான்கிரீட் மலிவு என்று சொல்பவர்கள் இத்தோடு நிறுத்துவார்கள். ஆனால் பத்து வருடம் கழித்துத் தரும் 30 ரூபாய் இன்றைய 30 ரூபாய் இல்லை. வருடத்துக்கு 10 சதவீத வட்டியில் கழித்துப் பார்த்தால் தார் 154-க்கு வந்துவிடுகிறது, கான்கிரீட் 165 பக்கம் நிற்கிறது. ஏறக்குறைய சமம்.

ஆகவே கேட்க வேண்டியது, ஐந்தாம் வருடம் அந்த 30 ரூபாய் உண்மையாகவே வருமா என்பதே. பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் ஒப்பந்தக்காரரே ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும் என்பதால் அதுவரை கவலையில்லை. ஊராட்சியின் சொந்த நிதியில் போட்ட தெருவுக்கு ஆறாம் வருடம் யார் தருவார்? பராமரிப்புப் பணம் வராது என்று தெரிந்த இடத்தில், மண்ணும் தோண்டலும் ஒத்துவந்தால் கான்கிரீட்டுக்கு ஓட்டுப் போடுவேன்.

கான்கிரீட் என்று முடிவானால் வளைவைச் சரிசெய்வது அதற்கு முன்னால் நடக்க வேண்டும். 60 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கி.மீ. வேகத்துக்கு வெளிப்பக்கம் 7 சதவீதம் உயர்த்த வேண்டும். ஓட்டுநருக்கு 45 மீட்டர் தூரம் மறைவின்றித் தெரிய வேண்டும். தார்ச் சாலையில் அடுத்த புதுப்பிப்பின்போது சரிவைத் திருத்தலாம். கான்கிரீட்டில் தவறான சரிவும் இருபது வருடம் நிற்கும்.

ஒரே சாலை, இரண்டு தளம்

முழு நீளத்துக்கும் ஒரே பொருள் என்று எந்த விதிமுறையும் சொல்லவில்லை. இரண்டு கிலோமீட்டர் இணைப்புச் சாலையில் வயல்வெளியில் தார், ஊருக்குள் வீட்டுத் தண்ணீர் ஓடும் முந்நூறு மீட்டருக்கும் தாம்போதிக்கும் கான்கிரீட், குழாய் வேலை பாக்கியுள்ள குறுக்குச் சந்துகளில் 80 மி.மீ. பேவர் பிளாக் என்று பிரிப்பதுதான் பெரும்பாலான ஊர்களுக்குப் பொருந்தும். கவனம் வேண்டியது சேரும் இடத்தில். தாரும் கான்கிரீட்டும் சந்திக்கும் கோட்டில், வளைந்து கொடுக்கும் பக்கம் இறங்கிப் பலகை முனை துருத்தி நிற்கும், ஒவ்வொரு சக்கரமும் அதில் மோதும். கடைசிப் பலகையின் முனையை அடியில் தடிமனாக்கி, தார்ப் பக்கம் சில மீட்டருக்கு ஜல்லி அடுக்கைக் கூடுதல் கனத்தில் போட்டு நன்றாக இறுக்கி, இடைவெளியைச் சீலன்ட்டால் அடைக்க வேண்டும். பேவர் பிளாக் தாரைச் சந்திக்கும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே 15 செ.மீ. அகலக் கான்கிரீட் கட்டை ஒன்று, கல்லின் மேல்மட்டத்துக்குச் சரியாக. மழைத் தண்ணீர் தாரிலிருந்து கல் பக்கம் ஓடாதபடி, அந்தக் கட்டைக்கு முன்பே அதை வடிகாலுக்குத் திருப்பிவிட வேண்டும்.